பிடியில் இருப்பது யாருடையது? தடய டிஎன்ஏவைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரிவாளில் ரத்தம் இருந்தால் எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். ஆனால் அலகில் இருக்கும் ரத்தம் பெரும்பாலும் வெட்டுப்பட்டவருடையது. அதைச் சோதித்தால் இந்த அரிவாளால்தான் வெட்டினார்கள் என்று தெரியவரும். வெட்டியது யார் என்று தெரியாது. அதற்கு விடை இருக்க வாய்ப்புள்ள இடம் பிடி. அங்கே கறையும் இருக்காது, ஈரமும் இருக்காது. பிடித்த கை விட்டுப்போன சில செல்களும் வியர்வையில் கலந்த கொஞ்சம் டிஎன்ஏவும் மட்டும் இருக்கலாம்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத அளவில், எந்த உடல் திரவத்திலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாத நிலையில் கிடைப்பதுதான் தடய டிஎன்ஏ. தொடுகை டிஎன்ஏ என்றும் சொல்வார்கள். தடயவியல் படிக்க வந்திருக்கும் மாணவர்கள், முதன்முறையாகச் சம்பவ இடத்துக்குப் போகும் உதவி ஆய்வாளர்கள், டிஎன்ஏ அறிக்கையை முதல் தடவை கையில் வாங்கும் இளம் வழக்கறிஞர்கள் ஆகிய மூன்று தரப்பையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த மூவரில் ஒருவர் சறுக்கினாலும் மற்ற இருவர் செய்த வேலை வீணாகிவிடும்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். மனித செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவின் எடை சுமார் 6.6 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சோதனைப் பெட்டிகள் அரை முதல் ஒரு நானோகிராம் டிஎன்ஏ கிடைத்தால் தெளிவான விடை தரும். ஒரு நானோகிராம், அதாவது 1,000 பிகோகிராம், என்றால் ஏறக்குறைய 150 செல்கள். உள்ளங்கையின் மேல்தோலில் உதிர்பவை பெரும்பாலும் உட்கரு இழந்த செத்த செல்கள் என்பதால் அவற்றில் டிஎன்ஏ குறைவு. முகத்தையும் மூக்கையும் கண்ணையும் தொட்ட விரல், அங்கிருந்து எடுத்துவரும் செல்கள்தான் பல நேரம் கைகொடுக்கின்றன.

கைபட்ட பொருளிலிருந்து ஆளை அடையாளம் காண முடியும் என்பதை 1997-ல் நேச்சர் இதழில் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பணியாற்றிய ரோலண்ட் வான் ஊர்ஷாட்டும் மேக்ஸ்வெல் ஜோன்ஸும். பேனா, கார் சாவி, தொலைபேசி என்று அன்றாடப் பொருள்களை எடுத்துச் சோதித்தார்கள். ஒருவருடைய டிஎன்ஏ இன்னொருவர் கை வழியாக மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அந்தச் சிறு கட்டுரையிலேயே இருந்தது. முதல் பாதியை உலகம் உடனே எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியைக் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அப்பாவிகள் சிறைக்குப் போனார்கள்.

உள்ளே நுழையும் முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் வேலை பஞ்சுக்குச்சிப் பெட்டியைத் திறப்பது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இந்த இடத்தில் என்ன நடந்தது, குற்றவாளியின் கை எங்கெல்லாம் பட்டாக வேண்டும், அதே இடத்தில் வேறு யார் கை நியாயமாகப் பட்டிருக்கலாம் என்ற மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விதான் மாதிரியின் மதிப்பை முடிவுசெய்கிறது. வீட்டு வேலைக்கு வரும் ஒருவர்மேல் சந்தேகம் என்றால், அந்த வீட்டுக் கதவுக் கைப்பிடியில் அவர் டிஎன்ஏ இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. அவர் தினமும் தொடும் கதவு அது. அதே ஆளின் டிஎன்ஏ, கட்டிப்போடப் பயன்பட்ட ஒட்டுநாடாவின் உள்மடிப்பில் இருந்தால் அது வேறு கதை.

2001 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்புலத்தில் ஒரு பிரிட்டிஷ் இளைஞர் நெடுஞ்சாலையில் கொல்லப்பட்டார். உடனிருந்த பெண்ணின் கைகளைக் கொலையாளி கேபிள் டைகளும் ஒட்டுநாடாவும் சேர்த்துச் செய்த விலங்கால் கட்டியிருந்தான். அந்த விலங்கின் உள்ளடுக்குகளில் கிடைத்த மிகச் சிறு அளவு டிஎன்ஏ 2005-ல் வந்த தண்டனைத் தீர்ப்பில் முக்கியச் சான்றுகளில் ஒன்றாக இருந்தது. விலங்கைச் செய்தவன் கைதான் அந்த உள்ளடுக்கைத் தொட்டிருக்க முடியும். தற்செயலாக யார் கையும் பட வாய்ப்பில்லாத, வெயிலும் மழையும் எட்டாத மறைவான பரப்பு எது என்று தேடப் பழகுங்கள். ஒட்டுநாடாவின் ஒட்டும் பக்கம், முடிச்சின் உட்புறம், கையுறையின் உள்பக்கம், துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் பகுதி ஆகியவை அப்படிப்பட்டவை.

உங்களிடமிருந்து சம்பவ இடத்தைக் காப்பாற்றுங்கள்

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007 ஏப்ரலில் ஒரு பெண் காவலர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் இருந்த காரில் கிடைத்த டிஎன்ஏ ஒரு பெண்ணுடையது. அதே பெண்ணின் டிஎன்ஏ 1993 தொடங்கி ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறத்தாழ 40 சம்பவ இடங்களில் பதிவாகியிருந்தது. கொலை, கொள்ளை, சில்லறைத் திருட்டு என்று ஒன்றோடொன்று ஒட்டாத குற்றங்கள். 3 லட்சம் யூரோ வெகுமதி அறிவித்துத் தேடினார்கள். 2009 மார்ச்சில், தீயில் கருகிய ஓர் ஆணின் அடையாளத்தை உறுதிசெய்ய, அவர் பழைய அகதி விண்ணப்பத்தில் வைத்த கைரேகையைச் சோதித்தபோது அதிலும் அதே பெண் வந்து நின்றாள். அப்போதுதான் விளங்கியது. பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, எல்லா மாதிரிகளோடும் ஊர் ஊராகப் பயணித்திருக்கிறது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதாம். கிருமியைக் கொல்லும் முறைகள் டிஎன்ஏவை அழிப்பதில்லை. மனித டிஎன்ஏ கலப்பு இல்லாமல் இப்பொருள்களைத் தயாரிப்பதற்கான ஐஎஸ்ஓ 18385 என்ற தரம் 2016-ல் வந்தது. நீங்கள் வாங்கும் குச்சிப் பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக் கடைப் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம்.

இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. எதையும் தொடாத ஒரு குச்சியை அதே பெட்டியிலிருந்து எடுத்து, அதே தண்ணீரில் நனைத்து, தனி உறையிலிட்டு வெற்று மாதிரி என்று எழுதி அனுப்புங்கள். அதில் டிஎன்ஏ வந்தால் கோளாறு பொருளில் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

முகக்கவசம், தலை உறை, இரட்டைக் கையுறை ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் கெடுப்பது கைப்பேசி. கையுறை மாட்டியபடியே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேலதிகாரிக்குப் பதில் சொல்லிவிட்டு, அதே கையால் கத்தியைத் தூக்குகிறோம். ஒரு நாள் முழுக்க நம் கன்னத்தில் ஒட்டியிருந்த பொருள் அது. பேனா, கேமரா, அளவு நாடா எல்லாமே இப்படித்தான். கையுறை நம் கையிலிருந்து பொருளைக் காக்குமே தவிர, ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் போவதைத் தடுக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் வெளிக்கையுறையை மாற்றுங்கள். பொருளின் மேல் குனிந்தபடி பேசாதீர்கள்.

நம் ஊர்களில் போலீஸ் வருவதற்குள் கூட்டம் வந்துவிடும். உறவினர் உடலை மடியில் கிடத்தியிருப்பார்கள். 108 ஊழியர்கள் நாடி பார்த்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் யார் எதைத் தொட்டார்கள் என்று நேரத்தோடு எழுதி வைப்பதுதான் உங்கள் வேலை. அந்தப் பட்டியல் எவ்வளவு பெறும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

கைரேகையா, டிஎன்ஏவா

ஒரு வழவழப்பான பரப்பில் மங்கலாக ஒரு விரல் பதிவு தெரிகிறது. பொடி தூவி ரேகை எடுப்பதா, துடைத்து டிஎன்ஏ எடுப்பதா? துடைத்துவிட்டால் ரேகை போய்விடும். பொடி தூவும் தூரிகையோ ஒரு சம்பவ இடத்தின் டிஎன்ஏவை அடுத்த இடத்துக்குச் சுமந்து போகக்கூடியது.

என் கருத்து இது: கோடுகள் தெளிவாக இருந்தால் ரேகைக்கே முன்னுரிமை கொடுங்கள். இந்தியாவில் கைரேகைகளைத் தேட நாஃபிஸ் என்ற தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. சந்தேக நபரே இல்லாத வழக்கிலும் அது ஒரு பெயரைத் தரலாம். குற்றவாளிகளின் டிஎன்ஏவுக்கு அப்படிச் சட்டம் போட்டு அமைத்த தேசியத் தரவுத்தளம் இங்கே இல்லை. அதற்கான 2019-ம் ஆண்டு மசோதா 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஒப்பிட ஒருவர் கிடைக்கும் வரை தடய டிஎன்ஏ பெரும்பாலும் உறையிலேயே காத்திருக்கும். மேலும், ரேகை இருந்தால் அந்த விரலே அங்கு பட்டது என்று சொல்லலாம். டிஎன்ஏவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கோடுகள் கலங்கிப் போயிருந்தால் தயங்காமல் டிஎன்ஏவுக்குப் போங்கள். எதைச் செய்தாலும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்த பிறகு செய்யுங்கள்.

பரப்பைப் பொறுத்தும் எதிர்பார்ப்பு மாறும். சொரசொரப்பான மரப்பிடி, துணி, கயிறு ஆகியவை செல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடியும் வழவழப்பான பிளாஸ்டிக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. சுட்ட தோட்டாவின் பித்தளை உறை மிகவும் கடினமானது. சூடு ஒருபக்கம், பித்தளையிலுள்ள செம்பு டிஎன்ஏவைச் சிதைப்பது மறுபக்கம்.

எடுக்கும் முறை

தூக்கிச் செல்லக்கூடிய பொருளாக இருந்தால் அதை அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்புவதே நல்லது. சம்பவ இடத்தின் காற்றிலும் வெளிச்சத்திலும் அவசரத்திலும் துடைப்பதைவிட அங்கே நிதானமாகச் செய்வார்கள். நகர்த்த முடியாதவற்றுக்கும், கொண்டுபோகும்போது உரசி அழிந்துவிடும் என்று தோன்றுபவற்றுக்கும் மட்டும் அங்கேயே மாதிரி எடுங்கள்.

ஈரக்குச்சி ஒன்று, உலர்குச்சி ஒன்று என்ற இரட்டைக்குச்சி முறைதான் பரவலாக நடப்பில் உள்ளது. திருடப்பட்ட பைக்கின் ஆக்ஸிலேட்டர் பிடியை எடுத்துக்கொள்வோம். ஸ்டெரைல் தண்ணீரை ஒன்றிரண்டு துளி மட்டும் குச்சியின் முனையில் விடுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் இருக்கும் கொஞ்சமும் கரைந்து பரவி, பிடியின் பள்ளங்களுக்குள் போய்விடும். ரப்பர் பிடியின் வரிப்பள்ளங்களோடு குச்சியை அழுத்தி, தேய்க்கத் தேய்க்க முனையைச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். பஞ்சின் எல்லாப் பக்கமும் பிடியில் பட வேண்டும். மெல்லத் தடவுவதால் எதுவும் வராது, அழுத்தம் வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றும் பகுதியில் தொடங்கி அந்தக் கையளவு இடத்தோடு நிறுத்துங்கள். வண்டி முழுவதையும் ஒரே குச்சியால் துடைத்தால் உரிமையாளர், மெக்கானிக், திருடன் மூவரும் ஒரே குச்சியில் கலந்துவிடுவார்கள். பிறகு உலர்குச்சியால் அதே இடத்தை அதே மாதிரி துடைத்து, முதல் குச்சி விட்ட ஈரத்தை உறிஞ்சி எடுங்கள். இரண்டும் ஒரே மாதிரியின் இரு பாதிகள் என்று எழுதி ஒன்றாக வையுங்கள்.

துணிக்குக் குச்சியைவிட ஒட்டுநாடா ஏற்றது. தடயவியலுக்கென்று வரும் சிறு நாடாவைப் பலமுறை ஒட்டி எடுத்தால் மேலே கிடக்கும் செல்கள் வந்துவிடும், துணிக்குள் ஆழமாகப் பதிந்த, அணிந்தவரின் செல்கள் குறைவாகவே வரும். சட்டைக் காலரின் உட்புறம் அணிந்தவரைக் காட்டும். பிடித்து இழுத்தது யார் என்று பார்க்க வேண்டுமானால் இழுபட்ட இடத்தின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள்.

உடலில் எடுப்பதற்கு நேரம்தான் எதிரி. கழுத்தை நெரித்த வழக்கில் கழுத்தையும், இழுத்துச் சென்றிருந்தால் மணிக்கட்டையும் கணுக்காலையும், பிரேதப் பரிசோதனைக்காகக் கழுவும் முன் துடைக்க வேண்டும். கைகளுக்குக் காகிதப் பை கட்டுங்கள். பெண்ணின் உடலில் ஆண் கை பட்டதாகச் சந்தேகம் இருந்தால், ஒய் குரோமோசோமை மட்டும் பார்க்கும் சோதனை வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். அந்தப் பெண்ணின் டிஎன்ஏ வெள்ளமாக இருக்கும் இடத்தில் ஆணின் சிறு துளியை அது தனியாகக் காட்டும். ஆனால் அது அந்த ஒருவரை மட்டும் சுட்டாது. தந்தைவழி ஆண்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உறை, முத்திரை, 48 மணி நேரம்

பிளாஸ்டிக் பை கூடாது. உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், நம் ஊர் வெக்கையில் மிக விரைவாகவே டிஎன்ஏ சிதையத் தொடங்கும். காகித உறையோ அட்டைப்பெட்டியோ போதும். நிழலில், அறை வெப்பத்தில் காயவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் அறையின் தூசியெல்லாம் அதில் வந்து படியும். ஜீப்பின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயிலில் வைக்காதீர்கள். உறையை எச்சில் தொட்டு ஒட்டாதீர்கள்.

அடுத்து வருவதுதான் இங்கே பல வழக்குகளை விழவைத்த இடம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வழக்கின் டிஎன்ஏ மாதிரி தொடுகையால் வந்ததல்ல, உடல் திரவம். அப்படியிருந்தும், மாதிரிகள் ஆய்வகம் சேர்வதற்கான தாமதத்துக்கும் இடையில் அவை எப்படிக் கையாளப்பட்டன என்பதற்கும் சரியான விளக்கம் இல்லாததால் அந்தச் சான்றை நம்ப முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இரு குடும்பங்கள் 14 ஆண்டுகள் காத்திருந்தும் குற்றவாளி யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரத்தைவிட வருத்தமே மிஞ்சுகிறது.

அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை நீதிமன்றம் வகுத்தது. புதியவர்கள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியவை அவை. உறையின் மேல் எஃப்.ஐ.ஆர். எண்ணும் தேதியும், சட்டப் பிரிவும், காவல் நிலையமும், விசாரணை அதிகாரியின் விவரமும், வரிசை எண்ணும் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த ஆவணத்தில் மருத்துவர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சாட்சி கிடைக்காவிட்டால் முயன்றதையும் கிடைக்காததையும் பதிய வேண்டும். எடுத்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்தைச் சேர வேண்டும், தாமதமானால் காரணம் வழக்கு நாட்குறிப்பில் வர வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கவோ மறுமுத்திரை இடவோ கூடாது. ஒவ்வொரு கைமாற்றத்தையும் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதியும் பதிவேடு ஒன்று, மாதிரி எடுத்ததிலிருந்து வழக்கு முடியும் வரை நடந்தாக வேண்டும், அது நீதிமன்றக் கோப்பிலும் சேர வேண்டும்.

கைமாற்றப் பதிவேட்டை ஓர் எழுத்து வேலையாகப் பார்க்கும் பழக்கம் நிலையங்களில் உண்டு. ரத்தக்கறை அந்த அலட்சியத்துக்கு ஓரளவாவது தாக்குப்பிடிக்கும், கறை பெரிது. 20 செல்கள் மட்டும் இருக்கும் குச்சிக்கு அந்தப் பதிவேடுதான் உயிர். யாரோ ஒருவர் வெறுங்கையால் திறந்து பார்த்தார் என்ற சந்தேகம் ஒன்றே அதைச் செல்லாக்காசாக்கிவிடும்.

1 ஜூலை 2024 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து சான்று சேகரிக்க வேண்டும், அதைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை 5 ஆண்டுகளுக்குள் படிப்படியாகக் கொண்டுவரலாம். நிபுணர் வரும் வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். காவலுக்கு நிற்பதும் ஒரு வேலைதான்.

கழித்துப் பார்க்க மாதிரிகள்

வீட்டில் இருப்பவர்கள், உடலைத் தொட்ட உறவினர், ஆம்புலன்ஸ் ஊழியர், முதலில் வந்த காவலர் ஆகியோரிடம் ஒப்புதலுடன் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மாதிரி வாங்குங்கள். இது இல்லாவிட்டால், அறிக்கையில் வரும் அடையாளம் தெரியாத ஆண் ஒருவர் உங்கள் ஏட்டாகவே இருக்கலாம், அவரைத் தேடி நீங்கள் மாதக்கணக்கில் அலைவீர்கள். சான்றுப் பொருள்களையும் சந்தேக நபரின் மாதிரியையும் ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே பையில் கொண்டுபோகக் கூடாது.

ஆய்வகத்துக்குள்

டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, பிசிஆர் என்ற, சுற்றுச் சுற்றாக நகலெடுக்கும் முறையில் பெருக்கி, 20-க்கும் மேற்பட்ட இடங்களில் மீண்டும் மீண்டும் வரும் துண்டுகளின் நீளத்தை எண்களாகப் படிப்பதுதான் சோதனை. ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிப்பாகும். வழக்கமாக 28 சுற்றுகள் ஓட்டிய காலத்தில், பிரிட்டனின் தடய அறிவியல் சேவை 1999-ல் தடய மாதிரிகளுக்காக அதை 34 ஆக உயர்த்தியது. கணக்குப்படி 64 மடங்கு கூடுதல் விளைச்சல்.

ஆனால் அளவு மிகக் குறைவாக இருக்கும்போது எது பெருகும், எது விடுபடும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. தந்தை வழியாக வந்த எண் தெரியும், தாய் வழியாக வந்தது விட்டுப்போகும். காற்றில் இருந்த ஒரு துணுக்கு புகுந்து புது எண் ஒன்றைக் காட்டும். இரண்டு மூன்று பேர் கலந்திருந்தால் எது யாருடையது என்பதே சிக்கல். இதனால்தான் அதே மாதிரியைப் பலமுறை பெருக்கி, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. இப்போது கலவைகளைப் பிரித்துக் கணக்கிட எஸ்டிஆர்மிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

வட அயர்லாந்தின் ஓமாவில் 1998 ஆகஸ்ட் 15 அன்று 29 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பு வழக்கில், வெடிகுண்டுகளின் டைமர்களில் கிடைத்ததாகச் சொன்ன தடய டிஎன்ஏதான் முக்கியச் சான்றாக வைக்கப்பட்டது. 2007 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். நீதிபதி கடுமையாகக் கண்டித்தவற்றில் பொருள்களைச் சேகரித்துப் பாதுகாத்த விதமும் ஒன்று. அவை கைப்பற்றப்பட்ட காலத்தில் இவ்வளவு நுண்ணிய சோதனை ஒன்று வரும் என்று யாரும் நினைத்துக் கையாளவில்லை. பழைய வழக்கின் பொருளைப் புது முறையில் சோதிக்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது, அந்தக் காலத்தில் இதை யார் எப்படிக் கையில் எடுத்தார்கள் என்பதுதான்.

அறிக்கையை வாசிப்பது

வழக்கறிஞர்களே, இது உங்களுக்கு. நல்ல அறிக்கை இப்படிச் சொல்லும்: இந்தக் கலவை சந்தேக நபரும் தெரியாத ஒருவரும் சேர்ந்து உண்டானது என்று கொண்டால் இந்த முடிவு வருவதற்கான வாய்ப்பு, தெரியாத இருவரால் உண்டானது என்று கொள்வதைவிட 10 லட்சம் மடங்கு அதிகம். இதை அவர் குற்றவாளியாக இல்லாதிருக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று புரட்டிச் சொல்பவரை உடனே எழுந்து நின்று மறுக்க வேண்டும். முதல் வாக்கியம் மாதிரியைப் பற்றியது. இரண்டாவது மனிதனைப் பற்றியது. ஆய்வகத்துக்கு இரண்டாவதைச் சொல்லத் தேவையான தகவலே கிடையாது.

அடுத்து, தோல் செல் என்று அறிக்கையில் எழுதியிருந்தால் எந்தச் சோதனை செய்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சோதனை எதுவும் இருக்காது, அனுமானமாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அது அங்கே எப்படி வந்தது என்பது. 2012 நவம்பர் இறுதியில் கலிஃபோர்னியாவின் மாண்டே செரீனோ என்ற சிற்றூரில் ஒரு தொழிலதிபர் தன் வீட்டில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய விரல் நகங்களில் இருந்த டிஎன்ஏ தரவுத்தளத்தில் ஒரு வீடற்ற மனிதரோடு பொருந்தியது. மரண தண்டனை வரை போகக்கூடிய வழக்கில் அவரை அடைத்தார்கள். நினைவு தப்பும் அளவுக்கு அன்றிரவு குடித்திருந்த அவருக்கே தான் எங்கே இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. 5 மாதங்களுக்குப் பிறகு அவருக்காக வாதாட அரசு நியமித்த வழக்கறிஞர்கள் மருத்துவப் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் போதை மயக்கத்தில் மருத்துவமனையில் கிடந்தார். அங்கே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுவார்களே, கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் பார்த்த அந்தச் சிறு கிளிப், முதலில் இவர் விரலிலும் பிறகு இறந்தவர் விரலிலும் மாட்டப்பட்டதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

இந்த வழக்கில் ஆய்வகம் பிழை செய்யவில்லை. டிஎன்ஏ அவருடையதேதான். அதே வழக்கில் ஒட்டுநாடாவிலும் கையுறையிலும் கிடைத்த வேறு சிலரின் டிஎன்ஏ உண்மையான குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுக்கவும் செய்தது. ஒரே முறை, ஒரே ஆய்வகம், ஒரே வீடு. நகத்தில் கிடைத்ததற்கு இன்னொரு விளக்கம் இருந்தது, ஒட்டுநாடாவில் கிடைத்ததற்கு இல்லை. தடய டிஎன்ஏவின் மதிப்பு என்பது இந்த வித்தியாசம்தான். 108 ஊழியர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னதும் இதனால்தான்.

2016-ல் வெளியான இண்டியானாபொலிஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வில், இருவரை 2 நிமிடம் கைகுலுக்கச் செய்து, பிறகு ஆளுக்கொரு கத்தியைப் பிடிக்கச் சொன்னார்கள். 85 சதவீத மாதிரிகளில் கத்தியைத் தொடாத ஆளின் டிஎன்ஏவும் இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் தொடாதவரே முதன்மையான அல்லது ஒரே ஆளாகத் தெரிந்தார். 2 நிமிடக் கைகுலுக்கல் இயல்பானதல்ல, அன்றாட வாழ்க்கையில் இந்த அளவுக்கு நடக்காது. ஆனாலும் கத்தியில் டிஎன்ஏ இருக்கிறது, ஆகவே அவர்தான் பிடித்தார் என்று நேர்கோடு போட முடியாது என்பதற்கு அது போதும். அதேபோல் அது எப்போது வந்தது என்பதையும் டிஎன்ஏ சொல்லாது. நேற்றா, போன மாதமா என்று பிரித்தறிய நம்பகமான சோதனை நடைமுறையில் இல்லை.

டிஎன்ஏ கிடைக்கவில்லை என்ற அறிக்கையையும் கவனமாக வாசியுங்கள். சிலர் கையிலிருந்து நிறைய உதிரும், சிலரிடமிருந்து எதுவுமே வராது. கையுறை போட்டிருக்கலாம், மழை கழுவியிருக்கலாம், தவறான இடத்தைத் துடைத்திருக்கலாம். கிடைக்காதது தொடவில்லை என்பதற்குச் சான்றல்ல. ஆனால் தொட்டாக வேண்டிய பல இடங்களில் தொடர்ந்து வேறொருவரின் டிஎன்ஏ மட்டும் கிடைத்தால் அது பேசும். அமெரிக்காவின் கொலராடோவில் 1987-ல் நடந்த ஒரு கொலையில், அப்போது 15 வயதாக இருந்த ஒருவரைப் பின்னர் 1999-ல் தண்டித்தார்கள். அவருக்கு எதிராக உடல்சார்ந்த சான்று எதுவும் இல்லை. 2008 ஜனவரியில் அவர் வெளியே வரக் காரணம், 20 ஆண்டு பழைய உடையில் கொலையாளி பிடித்திருக்க வேண்டிய இடங்களில் எடுத்த தொடுகை டிஎன்ஏ. அதில் அவர் இல்லை, வேறொருவர் இருந்தார்.

அந்த உடை பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது. ஆகவே ஆய்வகத்துக்கு எழுதும் கோரிக்கைக் கடிதத்தில் கடைசியாக இரண்டு வரி சேருங்கள். பிரித்தெடுத்த டிஎன்ஏ முழுவதையும் செலவழிக்காமல், முடிந்தால் ஒரு பகுதியை மறுசோதனைக்கு வைத்திருக்கும்படி கேளுங்கள். முழுவதும் செலவாகிவிடும் என்ற நிலை இருந்தால், சோதிக்கும் முன்பே எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் கைமாற்றப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள்.